காளான் வித்து தயாரிக்க வீட்டிலேயே ஒரு லேப் ரூம்: எதற்குச் செலவு செய்யலாம், எது வீண் செலவு?

வேலை பார்த்துக்கொண்டே கூடுதல் வருமானத்துக்கு வழி தேடுபவர்கள் போடும் பட்டியலில் காளான் வளர்ப்புக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. வைக்கோல், நிழலான ஒரு கொட்டகை, தண்ணீர் வசதி இருந்தால் சிப்பிக் காளானைத் தொடங்கிவிடலாம். நாலைந்து மாதம் கழித்து எல்லோருக்கும் ஒரே யோசனை வரும். “வித்தை எதுக்கு வெளியே வாங்கணும்? நாமளே தயாரிச்சா என்ன?”

நல்ல யோசனைதான். ஆனால், காளான் வளர்ப்பது விவசாயம் என்றால், வித்து தயாரிப்பது ஆய்வுக்கூட வேலை. அதற்குக் கிருமி நுழையாத ஓர் அறை வேண்டும். பலர் லட்சங்களைப் போட்டு மெஷின் வாங்கிவிட்டு, ‘பை எல்லாம் பச்சையா போகுதே’ என்று முழிப்பது இந்த இடத்தில்தான். அந்த அறையை எப்படி அமைப்பது? எதற்குப் பணம் போட வேண்டும், எதற்குத் தேவையில்லை?

ஒரு பை கெட்டால் என்ன ஆகும்?

ஒரு கணக்கைப் பாருங்கள். தாய் வித்துப் பை ஒன்றில் 300 கிராம் இருக்கிறது. படுக்கை வித்துப் பை ஒன்றுக்கு 10 கிராம் வீதம் போட்டால், அதிலிருந்து 30 பைகள் கிடைக்கும். ஒரு பை வித்தில் இரண்டு பெட் போடலாம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 60 பெட். அந்த ஒரு தாய் வித்துப் பையில் கண்ணுக்குத் தெரியாத கலப்படம் இருந்தால், அந்த 60 பெட்டும் ஆபத்தில் இருக்கிறது. அதை நீங்கள் நாலு பேருக்கு விற்றிருந்தால், நஷ்டம் உங்களோடு நிற்காது. உங்கள் பெயரை நம்பி வைக்கோல் வாங்கி, ஆள் கூலி கொடுத்த நாலு குடும்பத்துக்கும் போகும்.

அதனால்தான் லேப் ரூம் விஷயத்தில் ‘சுமாரா இருந்தா போதும்’ என்பது சரிப்படாது.

வைக்கோலுக்கு வெந்நீர் போதும், சோளத்துக்கு ஏன் போதாது?

பெட் போடும்போது வைக்கோலை வெந்நீரில் ஊறவைத்தால் போதும் என்கிறோம். வித்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

காரணம் தீனிதான். வைக்கோலில் இருக்கும் சத்து எளிதில் உடையாது. சிப்பிக் காளானால் அதைத் தின்ன முடியும். சாதாரணப் பூஞ்சைகளுக்கு அது கஷ்டம். அரை வேக்காட்டுச் சோளம் அப்படியல்ல. ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்த விருந்து. காளானின் பூசண இழை ஒரு பையை வெள்ளையாக மூடுவதற்குச் சுமார் 15 நாள் எடுக்கும். ட்ரைக்கோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சைக்கு அந்த நேரத்தில் பாதிகூட வேண்டாம். ஆரஞ்சு நிறத்தில் பொடிபோலப் பொங்கும் நியூரோஸ்போரா இன்னும் வேகம். பாக்டீரியா புகுந்தால் சோளம் பிசுபிசுத்துப் புளித்த வாடை அடிக்கும்.

மொத்தத்தில், காளான் மெதுவாக ஓடும் பந்தயக்காரர். மற்றவர்களை மைதானத்துக்குள் விடாமல் இருந்தால்தான் அவர் ஜெயிப்பார்.

எதிரி தரையில் இல்லை, காற்றில்!

“தினமும் ஃபினாயில் போட்டுத் துடைக்கிறேன், அப்புறமும் கெட்டுப்போகுதே?” என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது.

ஒரு பச்சைப் பூஞ்சை வித்துத்துகளின் அளவு சுமார் 3 மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. காற்று துளிகூட அசையாமல் இருந்தாலும் அது மணிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் கீழே இறங்கும். ஃபேன் சுற்றினாலோ, கதவு திறந்தாலோ, நீங்கள் கையை வீசி நடந்தாலோ மறுபடி மேலே போய்விடும். தரையை எத்தனை முறை துடைத்தாலும் காற்றில் மிதப்பதை அது தொடாது.

இதற்கு விடை தந்தவர் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் வில்லிஸ் விட்ஃபீல்ட். 1960-களின் தொடக்கத்தில் அவர் செய்தது எளிமையான காரியம். தூசியைத் துடைத்து அகற்றுவதற்குப் பதில், வடிகட்டிய காற்றை ஒரே திசையில், சீரான வேகத்தில் ஓடவிட்டார். ஓடும் காற்றே தூசியை வெளியே தள்ளிவிட்டது. இன்று சிப் தொழிற்சாலை முதல் ஆபரேஷன் தியேட்டர் வரை பல இடங்களில் நடப்பது இதுதான். காளான் லேபில் நிற்கும் லேமினார் ஃப்ளோ மேடையும் அதன் குட்டி வடிவமே.

ஆக, லேப் ரூம் அமைப்பது என்றால் இரண்டு விஷயங்களைத் தீர்மானிப்பது. காற்று எந்தப் பக்கம் போக வேண்டும்? ஆளும் பொருளும் எந்த வரிசையில் போக வேண்டும்? டைல்ஸ், பெயின்ட், மெஷின் எல்லாம் அதற்கு அப்புறம்.

எந்த அறையைத் தேர்ந்தெடுக்கலாம்?

பத்துக்குப் பத்து அடி அறை போதும். சின்ன அறையைச் சுத்தமாக வைத்திருப்பது எளிது. பார்க்க வேண்டியவை:

● காளான் அறுவடை செய்யும் கொட்டகையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். முதிர்ந்த காளான் தன் வித்துத்துகள்களைப் புகைபோலக் கொட்டும். பழைய பெட்களில் பூஞ்சைகளும் குடியிருக்கும்.

● வைக்கோல் போர், மாட்டுத் தொழுவம், தவிட்டு மூட்டை, குப்பைக் குழி பக்கத்தில் வேண்டாம்.

● ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவர் உள்ள அறை கூடவே கூடாது. சுவரில் பூஞ்சை இருந்தால் வெளியிலிருந்து எதிரி வரத் தேவையே இல்லை.

● சுவரில் கழுவக்கூடிய எனாமல் பெயின்ட், தரையில் வழுவழுப்பான டைல்ஸ். ஃபால்ஸ் சீலிங், திரைச்சீலை, அட்டைப்பெட்டி, திறந்த அலமாரி வேண்டாம். தூசி உட்கார இடம் கொடுக்கும் எதுவும் வேண்டாம்.

● சீலிங் ஃபேனைக் கழற்றிவிடுங்கள். ஜன்னல் இடுக்குகளை சிலிக்கான் வைத்து அடையுங்கள்.

“புழுக்கமா இருக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாமா?” போடாதீர்கள். எக்ஸாஸ்ட் காற்றை வெளியே இழுத்தால், அதே அளவு காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தாக வேண்டும். அது வடிகட்டாத காற்று. செய்ய வேண்டியது நேர்மாறு: ஃபில்டர் வழியாகக் காற்றை உள்ளே தள்ள வேண்டும். அப்போது இடுக்குகளில் காற்று வெளியே கசியும், உள்ளே நுழையாது.

ஸ்பிளிட் ஏசி போடலாம். ஆனால் அதன் வலையையும் உள்பகுதியையும் ஒழுங்காகச் சுத்தம் செய்ய வேண்டும்; காற்று நேராக வேலை மேடை மேல் விழக் கூடாது.

மூன்று இடம், ஒரே திசை

ஒரே அறையில் சோளம் வேகவைத்து, அங்கேயே வித்தும் போடுவதுதான் ஆரம்பக்காரர்கள் செய்வது. குறைந்தது மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் இடம், ஈர வேலை. சோளம் கழுவுவது, அரை வேக்காடு வேகவைப்பது, நிழலில் உலர்த்துவது, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலப்பது, பிபி பையில் நிரப்பிப் பிவிசி வளையமும் பஞ்சு அடைப்பும் போடுவது எல்லாம் இங்கே. இது கொல்லைப்புறத் தாழ்வாரமாக இருந்தால்கூடப் போதும்.

இரண்டாவது, இடைவழி. நாலடிக்கு நாலடி இருந்தால் போதும். வெளிச்செருப்பை இங்கே விட வேண்டும். கை கழுவி, துவைத்த கோட், தலைக்கு உறை, மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது.

மூன்றாவது, வித்து போடும் அறை. இங்கே மேடை, ஸ்டூல், தேவையான கருவி மட்டும். வித்து போட்ட பைகள் வளரும் அலமாரி பக்கத்து அறையில் இருப்பது நல்லது. அங்கே கெட்ட பையைக் கண்டால் திறக்காமல் அப்படியே வெளியே கொண்டுபோங்கள். ‘என்னன்னு பார்ப்போமே’ என்று உள்ளே வைத்துத் திறந்தால், கோடிக்கணக்கான வித்துத்துகள்களை நீங்களே பரப்பியதாகிவிடும்.

நாளின் வரிசையும் முக்கியம். காலையில் குளித்துவிட்டு முதல் வேலையாக லேப், பிறகுதான் கொட்டகை. கொட்டகையில் அறுவடை முடித்த கையோடு லேபுக்குள் போகாதீர்கள்.

லேமினார் ஃப்ளோ கட்டாயமா?

தொடக்கத்தில் கட்டாயமில்லை. மாதம் சில பைகள்தான் என்றால் ‘ஸ்டில் ஏர் பாக்ஸ்’ போதும். ஒளி ஊடுருவும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, கை நுழைய இரண்டு ஓட்டை போட்டால் அதுதான். உள்ளே காற்று அசையாது என்பதே அதன் பலம். முன்னே சொன்ன கணக்குப்படி, 40 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில் 3 மைக்ரான் துகள் தரையிறங்க 25 நிமிடம் ஆகும். ஆகவே பொருட்களை உள்ளே வைத்து, அரை மணி நேரம் விட்டு, பிறகு மெதுவாகக் கையை நுழைத்து வேலை செய்யுங்கள். அப்போது ஏசியும் அணைந்திருக்கட்டும்.

அளவு கூடும்போது லேமினார் ஃப்ளோ வாங்கலாம். அதில் உயிர் ஹெப்பா ஃபில்டர்தான். 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தை அது தடுக்க வேண்டும். காற்று விநாடிக்குச் சுமார் அரை மீட்டர் வேகத்தில் சீராக வர வேண்டும். ஃபில்டருக்கும் பைக்கும் நடுவில் உங்கள் கையோ தலையோ வரக் கூடாது. வந்தால் ஃபில்டர் தந்த சுத்தமான காற்று உங்கள் தோலில் பட்டுப் பைக்குப் போகும்.

குக்கரில் செய்யும் மிச்சம்

அறை எவ்வளவு சுத்தமானாலும், பைக்குள்ளேயே உயிரோடு கிருமி இருந்தால் பயனில்லை. கொதிநீரின் 100 டிகிரியைத் தாங்கும் பாக்டீரியா வித்துகள் உண்டு. அழுத்தம் கூடினால்தான் வெப்பம் 121 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அதற்கு 15 பிஎஸ்ஐ அழுத்தம் வேண்டும். நம் வீட்டு பிரஷர் குக்கரும் கிட்டத்தட்ட அதே அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. சிறு சோதனைக்கு அதுவே போதும். தொழிலாகச் செய்ய ஆட்டோகிளேவ் வேண்டும்.

இரண்டு கவனங்கள். உள்ளே இருக்கும் காற்று முழுதும் வெளியேறி, நீராவி தொடர்ந்து சீறி வந்த பிறகே வெயிட் போடுங்கள். காற்று தங்கினால் அழுத்தம் காட்டும், வெப்பம் ஏறாது. சோளப் பைகளுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் தேவைப்படும். அதுவரை தண்ணீர் வற்றாத அளவு ஊற்றி, தீயைக் குறைத்து வையுங்கள். அழுத்தம் முழுதும் இறங்காமல் திறக்கவே கூடாது.

சூடான பை ஆறும்போது உள்ளே சுருங்கும் காற்று வெளிக்காற்றை இழுக்கும். ஆகவே பைகள் தாழ்வாரத்தில் அல்ல, லேபுக்குள்ளேயே ஆற வேண்டும். பஞ்சு நனைந்த பையை ஒதுக்கிவிடுங்கள். ஈரப் பஞ்சு கிருமிக்குப் பாலம்.

யூவி, ஃபார்மலின், ஸ்பிரிட்: கொஞ்சம் ஜாக்கிரதை

யூவி விளக்கு நேராக ஒளி படும் இடத்தை மட்டுமே சுத்தம் செய்யும். நிழலில் இருப்பது தப்பித்துவிடும். அது எரியும்போது உள்ளே இருந்தால் கண்ணும் தோலும் பாதிக்கும். ஃபார்மலின் புகை நச்சு. வீட்டோடு இருக்கும் லேபில் வேண்டவே வேண்டாம்.

கைக்கும் மேடைக்கும் 70 சதவீத ஆல்கஹால் போதும். தூய ஆல்கஹால் சட்டென்று ஆவியாகிவிடும். கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தால்தான் கிருமியை நன்றாகக் கொல்லும். ஆனால் அது எரியக்கூடியது. கையில் தெளித்து, முழுதும் காய்ந்த பிறகே ஸ்பிரிட் விளக்கின் பக்கம் போங்கள். பெட்டிக்குள் ஸ்ப்ரேயும் தீயும் ஒன்றாக இருக்கவே கூடாது.

சரியா அமைஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும்?

உருளைக்கிழங்கு, டெக்ஸ்ட்ரோஸ், அகர் சேர்ந்த பிடிஏ தட்டுகள் ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கூடத்திலும், ஒன்றை இடைவழியிலும், ஒன்றை லேப் நடுவிலும், ஒன்றை வேலை மேடையிலும் அரை மணி நேரம் திறந்துவைத்து மூடுங்கள். ஐந்தாவதைத் திறக்காமலே வையுங்கள். நாலைந்து நாளில் ஒவ்வொன்றிலும் முளைக்கும் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். உள்ளே போகப் போக எண்ணிக்கை குறைய வேண்டும். மேடைத் தட்டு, திறக்காத தட்டைப் போலவே இருக்க வேண்டும். திறக்காத தட்டிலேயே புள்ளி வந்தால் தவறு அறையில் இல்லை, தட்டைத் தயாரித்ததில்.

அதேபோல் ஒவ்வொரு முறையும் இரண்டு சோளப் பைகளை வித்து போடாமல் அப்படியே வையுங்கள். அவை கெட்டால் குக்கர் வேலை சரியில்லை. அவை நன்றாக இருந்து, வித்து போட்டவை மட்டும் கெட்டால் தவறு தாய் வித்திலோ, வித்து போடும் முறையிலோ இருக்கிறது. பச்சை வாய்ப்பக்கம் மட்டும் தொடங்கினால் பஞ்சைச் சந்தேகப்படுங்கள். இந்தச் சோதனை இல்லாமல் புது மெஷின் வாங்குவது, காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் மாத்திரை மாற்றுவது போல.

எல்லோருக்கும் லேப் தேவையா?

இல்லை. உங்கள் கொட்டகைக்கு மட்டும் வித்து வேண்டுமென்றால் நம்பகமான இடத்தில் வாங்குவதே லாபம். வெளியே விற்கும் எண்ணமும், தினமும் ஒரே ஒழுங்கில் வேலை செய்யும் பொறுமையும் இருந்தால் இறங்கலாம். முதலில் கோவை வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் பயிற்சி எடுங்கள். தாய் வித்தையும் அப்படிப்பட்ட நிறுவனத்திலிருந்தே பெறுங்கள்.

பிறகு ஒரு பெட்டி, ஒரு குக்கர், இருபது பைகள். அந்த இருபதில் எத்தனை சுத்தமாக வருகிறது என்று மூன்று முறை எழுதிவையுங்கள். பெரிய மெஷினுக்குப் பணம் கட்டலாமா வேண்டாமா என்பதை அந்த நோட்டுப் புத்தகமே சொல்லிவிடும்.