காற்றாலை சுழல்கிறது, கல்லாவுக்கு என்ன வந்தது?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் இளம் வியாபாரி எங்களிடம் கேட்டார்: "அண்ணாச்சி, இத்தனை காற்றாலை நம்மைச் சுற்றி நிற்கிறதே, இதனால் நம்ம ஊருக்கு வருகிற டூரிஸ்ட் கூடுமா, குறையுமா? நமக்கு லாபமா, நஷ்டமா?" கோட்டாறில் நாற்பது வருடமாகப் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்து, ஆரல்வாய்மொழி, பணகுடி, வள்ளியூர் சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பி வருகிறோம் நாங்கள். எங்கள் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து எழுதும் பதில் இது.

காற்றுக்கு ஒரு சீசன், பயணிக்கு ஒரு சீசன்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒரு வாசல் மாதிரி. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கிக்கொண்டு நுழைவதால் முப்பந்தல் பக்கம் ஆளையே தள்ளும் வேகத்தில் அடிக்கிறது. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை இந்தக் காற்று உண்டு. ஆண்டு முழுவதும் கிடைக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி இந்த ஐந்து மாதத்தில்தான் கிடைக்கிறது.

கன்னியாகுமரிக்குக் கூட்டம் வருவதோ கார்த்திகை முதல் தை வரை. ஐயப்ப பக்தர்கள், பள்ளிக்கூடச் சுற்றுலாப் பஸ்கள் எல்லாம் அப்போதுதான். திருவள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறந்ததும் அந்த சீசனில்தான். ஆக, இறக்கை வேகமாகச் சுழலும் மாதம் வேறு, பயணி வரும் மாதம் வேறு.

பணம் எங்கே போகிறது?

தமிழ்நாட்டில் 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலை தொடங்கியது. 1990-களில் தனியார் முதலீடு வந்தபின் முப்பந்தல் சுற்று வட்டாரம் முழுவதும் கோபுரங்கள் எழுந்தன. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

இவற்றில் பலவற்றின் சொந்தக்காரர்கள் கோவை, திருப்பூர், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைக்காரர்கள். இங்கே உற்பத்தியாகும் மின்சாரம் அரசின் மின்கம்பி வழியாகப் போய் அங்கே அவர்களுடைய கரண்ட் பில்லில் கழிகிறது. இதில் தவறு எதுவும் இல்லை, அதுவும் ஒரு வணிகம்தான். ஆனால் காற்று நம் ஊரில் அடிக்க, லாபம் வேறு ஊர் பேரேட்டில் ஏறுகிறது என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

உள்ளூரில் தங்குவது மூன்று வழிப் பணம். ஒன்று, நிலம் விற்ற பணம். அது ஒரே ஒரு தடவை வருவது. இரண்டு, கோபுரம் நடும் காலத்தில் வேலையாட்கள் செய்யும் செலவு. இது சில மாதங்களே. மூன்று, காவலாளி, டெக்னீஷியன், வேன் டிரைவர் ஆகியோரின் மாதச் சம்பளம். தொகை சிறிதானாலும் மாதந்தோறும் வருவது இதுதான்.

எங்களுக்குக் கிடைத்த பாடம்

இரண்டாவது வழிப் பணத்தை நம்பி நாங்கள் ஒரு முறை சூடுபட்டோம். 1990-களின் நடுவில் ஒரு துணைக் காண்டிராக்டர் தம் ஆட்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் எங்கள் வாடிக்கையாளரான ஒரு சில்லறைக் கடையில் சிட்டை எழுதி வாங்கினார். கடைக்காரர் தயங்கினார். "பெரிய கம்பெனி வேலை, தைரியமாகக் கொடும்" என்று சொன்னது நாங்கள்தான். முதல் இரண்டு மாதம் பணம் ஒழுங்காக வந்தது. செப்டம்பர் கடைசியில் வேலை முடிந்தது. ஒரே இரவில் ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அவர் போய்விட்டார். எங்கள் பாக்கியில் பாதியைத் தள்ளிக் கொடுத்தும் அந்தக் கடைக்காரரால் எழுந்திருக்க முடியவில்லை. மறு பொங்கலுக்குள் கடையை மூடினார். இன்றும் அந்த வழியாகப் போனால் அந்தக் கதவைப் பார்க்க மனம் கூசும்.

ஏன் செப்டம்பர்? அதைப் பின்னால்தான் ஒரு ஆடிட்டர் விளக்கினார். அன்று காற்றாலை போட்டவருக்கு வருமான வரியில் முதல் வருடமே 100 சதவீதம் தேய்மானம் கிடைத்தது. ஆனால் நிதியாண்டில் 180 நாளாவது இயந்திரம் ஓடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதிதான். எனவே செப்டம்பர் முடிவதற்குள் ஓட்டிவிட அவசரம். அது தவறினால் பாதிச் சலுகைக்காக மார்ச் 31-க்குள் அவசரம். இந்தக் கணக்கு அன்றே தெரிந்திருந்தால், ஆகஸ்டிலேயே கடனை நிறுத்தியிருப்போம். பின்னர் இந்தச் சலுகை 80 சதவீதமானது, 2012-ல் நின்றது, 2014-ல் திரும்ப வந்தது, 2017-ல் 40 சதவீதமாகக் குறைந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்ப இங்கே வேலை கூடியும் குறைந்தும் வந்தது.

பயணி ஓடினாரா, நின்றாரா?

காற்றாலையைப் பார்த்து முகம் சுளித்துத் திரும்பிய பயணியை நாங்கள் கண்டதில்லை. காவல்கிணறு தாண்டியதும் பஸ் ஜன்னலில் பிள்ளைகள் தலை நீட்டி எண்ணுவதைத்தான் பார்க்கிறோம். சினிமாக்காரர்கள் பாட்டு எடுக்க வருகிறார்கள். புதுமணத் தம்பதிகள் போட்டோ எடுக்க வருகிறார்கள்.

ஆனால் நிற்பவர் எத்தனை பேர்? முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலில் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறவர்கள் உண்டு. காற்றாலைக்காக நிறுத்துகிறவர் சாலை ஓரத்தில் ஆபத்தாக நிற்கிறார், இரண்டு படம் எடுக்கிறார், போய்விடுகிறார். உள்ளே போனால் தனியார் நிலம், காவலாளி விரட்டுவார். நிழல் இல்லை, கழிப்பறை இல்லை, விவரம் சொல்லும் ஒரு பலகை இல்லை. பயணி நிற்காத ஊரில் கடைக்கு வியாபாரம் எப்படி வரும்?

ஸ்காட்லாந்து நாட்டிலும் காற்றாலை வந்தால் சுற்றுலா கெடும் என்று பயந்தார்கள். கிளாஸ்கோ நகரத்துக்குத் தெற்கே வைட்லீ என்ற இடத்தில் 215 காற்றாலைகள் நிற்கின்றன. 2009-ல் அங்கே ஒரு பார்வையாளர் மையம் திறந்தார்கள். சிற்றுண்டிச் சாலை, காட்சிக்கூடம், நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் 130 கிலோமீட்டர் பாதை எல்லாம் உண்டு. மக்கள் குடும்பத்தோடு அங்கே பொழுது கழிக்கப் போகிறார்கள். அதோடு, மெகாவாட் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5,000 பவுண்டு சுற்றுப்புற ஊர்களின் நன்மைக்குத் தரவேண்டும் என்று அந்நாட்டு அரசு பரிந்துரைத்துள்ளது. நம்மிடமும் காற்றாலை இருக்கிறது, பயணி இருக்கிறார், பயணி நிற்க இடம் மட்டும் இல்லை.

மீண்டும் ஒரு வாய்ப்பு

1990-களில் நட்ட 225, 250 கிலோவாட் ஆலைகளுக்கு வயதாகிவிட்டது. நல்ல காற்று அடிக்கும் இடமெல்லாம் இந்தப் பழைய ஆலைகளிடம் இருக்கிறது. அவற்றை எடுத்துவிட்டுப் பெரிய ஆலை வைப்பதற்கும் பழையதைப் புதுப்பிப்பதற்கும் தமிழ்நாடு அரசு 2024-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. பத்துச் சிறிய ஆலை செய்த வேலையை 2 மெகாவாட்டுக்கு மேற்பட்ட ஒரு பெரிய ஆலை செய்துவிடும். அப்படியானால் வேலையாட்கள் மறுபடி வருவார்கள். ஆனால் வேலை முடிந்தபின் காவலாளிகள் முன்பைவிடக் குறைவாகவே தேவைப்படுவார்கள். ஆகவே இந்த முறை நாம் முன்கூட்டியே செய்ய வேண்டியவை:

1. துணைக் காண்டிராக்டருக்கு வாய்மொழிக் கடன் வேண்டாம். முதன்மைக் கம்பெனியின் பெயரில் ஆர்டர், ஜி.எஸ்.டி. எண், பதினைந்து நாள் தவணை, அதற்கு ஒரு தொகை வரம்பு. இவை இருந்தால் மட்டும் சரக்கு.

2. செப்டம்பர், மார்ச் மாதங்களில் பாக்கியைக் கூட்டாதீர்கள். அந்த மாதங்களில் வசூல்தான் முக்கியம்.

3. ஒரு ஆலையைப் பழைய கோபுரத்தோடு காட்சிக்கு விட்டு, பக்கத்தில் வண்டி நிறுத்தம், நிழற்கூடம், கழிப்பறை அமைக்கும்படி நம் சங்கம் மாவட்ட ஆட்சியரிடமும் காற்றாலைக்காரர்களிடமும் மனு கொடுக்க வேண்டும். நிலமும் இடமும் மாறும் இந்த நேரத்தில் கேட்காவிட்டால் அடுத்த இருபது வருடம் கேட்க முடியாது.

4. அந்த இடத்தில் விற்க நம்மிடம் சரக்குக்குப் பஞ்சமில்லை. தோவாளைப் பூ, கருப்பட்டி, நேந்திரங்காய் சிப்ஸ், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் எல்லாம் நம் மண்ணின் பொருள்கள். உள்ளூர்ச் சிறு வியாபாரிகளுக்கே அங்கே முன்னுரிமை வேண்டும்.

அந்த இளம் வியாபாரிக்கு நாங்கள் சொன்ன பதில் இதுதான்: "தம்பி, காற்றாலை பயணியைத் துரத்தவும் இல்லை, கொண்டுவரவும் இல்லை. அவரை நிறுத்துவது நம் வேலை." காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று பெரியவர்கள் சொன்னது நெல்லுக்கு மட்டுமா? அடுத்த கூட்டத்தில் மனுவுக்கான தீர்மானத்தை நாங்கள் கொண்டுவருகிறோம். அனைவரும் தவறாமல் வந்து ஆதரவு தரக் கேட்டுக்கொள்கிறோம்.