கடல் அட்டை இனப்பெருக்கம்: ஓர் அறிமுகம்

நிலத்திற்கு மண்புழு எவ்வாறோ அவ்வாறே கடற்படுகைக்குக் கடல் அட்டை. பெயரில் அட்டை எனினும் இது குருதி உறிஞ்சும் அட்டையன்று. நட்சத்திர மீனின் உறவாகிய முட்தோலி உயிர். மணலை விழுங்கி, அதிலுள்ள மட்கிய பொருளைச் செரித்து, எஞ்சிய மணலை வெளியேற்றுவதே இதன் வாழ்க்கை.

மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் வாழும் அட்டைகளுள் விலைமதிப்பு மிக்கது வெள்ளை அட்டை. முக்குளிப்போர் எடுத்து வந்ததை அவித்து, மணலில் புதைத்து, தோலின் சுண்ணத் துகள்களைத் தேய்த்து நீக்கி, உலர்த்தி, சிங்கப்பூருக்கும் ஹாங்காங்கிற்கும் ஏற்றுமதி செய்யும் தொழில் நம் கடற்கரையில் நெடுங்காலம் நடைபெற்றது.

விரைந்து ஓட இயலாத இவ்வுயிரை எடுப்பது எளிது. அழிந்த கூட்டம் மீள்வதோ அரிது. ஆணும் பெண்ணும் விந்தையும் முட்டையையும் நீரிலேயே விடுகின்றன. பல அட்டைகள் அருகருகே இருந்தாலன்றிக் கருவுறுதல் கைகூடாது. எனவே, எண்ணிக்கை மிகக் குறைந்த இடத்தில் எஞ்சியவை உயிரோடிருந்தும் இனம் பெருகுவதில்லை. பொரிப்பகத்தின் தேவை இங்குதான் எழுகின்றது.

1988ஆம் ஆண்டு, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தில், அறிஞர் டி.பி. ஜேம்ஸ் அவர்களின் முயற்சியால் வெள்ளை அட்டைக் குஞ்சுகள் உலகிலேயே முதன்முறையாகப் பொரிப்பகத்தில் உருவாக்கப்பட்டன.

வெள்ளை அட்டையில் ஆண், பெண் வேறுபாடு புறத்தே தெரியாது. ஆதலின் முதிர்ந்த அட்டைகள் பலவற்றைத் தொட்டியிலிட்டு, நீரின் வெப்பத்தை 3 முதல் 5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துவர். முதலில் ஆண்கள் உடலை நிமிர்த்தி அசைந்து விந்தை வெளியிடும். பின்னர்ப் பெண்கள் இலட்சக்கணக்கில் முட்டையிடும். இரண்டொரு நாளில் மிதக்கும் இளவுயிரிகள் தோன்றும். அவற்றிற்கு நுண்பாசியே உணவு. ஏறத்தாழ இரு வாரங்களில் அவை உருமாறி, பாசி படிந்த தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். இப்பருவங்களில் இழப்பு மிகுதி. தப்பிப் பிழைத்தவை சில திங்கள் வளர்ந்தபின் குளத்திற்கோ கடலடைப்பிற்கோ மாற்றப்படும்.

2001ஆம் ஆண்டு இந்திய அரசு கடல் அட்டைகளை வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்து, பிடிப்பதையும் விற்பதையும் தடைசெய்தது. அதனையே நம்பியிருந்த முக்குளிப்போர் பிழைப்பிழந்தனர். பிற நாடுகளிலோ வளர்ப்பு பெருகியது: வியட்நாமில் இறால் குளங்களிலும், மடகாஸ்கரின் தென்மேற்கில் சிற்றூர் மக்களின் கடலடைப்புகளிலும் இவ்வட்டை வளர்கின்றது. நம் கரையில் முதலில் கைவந்த கலையின் பயன் நம் மீனவர்க்கு எட்டவில்லை.

எனினும் தடைக்கும் காரணம் உண்டு. உலர்ந்த அட்டையைப் பார்த்து, அது கடலில் பிடித்ததா, பண்ணையில் வளர்ந்ததா எனக் கூறுதல் அரிது. பண்ணைகளும் குறையற்றவை அல்ல. இலங்கையின் வடபகுதியில், அடைப்புகள் தம் தொழிலிடத்தைச் சுருக்குவதாக 2022ஆம் ஆண்டு சிறுமீனவர் போராடினர்.

ஆகவே, பொரிப்பகக் குஞ்சுகள் முதற்கண் கடலுக்கே திரும்புதல் வேண்டும். கடற்படுகை மீண்டபின், கண்காணிப்புடன் கூடிய வளர்ப்புரிமை முக்குளித்து வாழ்ந்த குடும்பங்களுக்கே முதலில் கிடைத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. கடலிடமிருந்து எடுத்த நாம் கடலுக்குக் கொடுக்கவும் கற்றல் வேண்டுமன்றோ?