கரிசல் மண்ணில் மலர்ந்தவை

மலர் என்றதும் நம் மனம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஓடுகிறது. கோவில்பட்டி என்றதும் கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் நினைவுக்கு வருகின்றனவேயன்றி, ஒரு பூவும் நினைவுக்கு வருவதில்லை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலத்தைப் பார்ப்பவர், இங்கே அழகுக்கு என்ன வேலை என்று கேட்டால் அதில் வியப்பில்லை. நம் வீடுகளிலும் இக்கேள்வி எழுவதுண்டு. மழை பொய்த்த ஆண்டில், தந்தைக்கு வேலை இல்லாத மாதத்தில், மகள் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினாலோ, நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்தாலோ, "குடிக்கவே தண்ணியில்லை, இப்போ இது ஒண்ணுதான் குறைச்சலா?" என்று ஒரு குரல் வரும். அக்குரலில் கோபத்தைவிடக் கவலையே மிகுதி. அதற்கு நம் வட்டாரமே ஒரு விடை வைத்திருக்கிறது.

முதலில் மண்ணைப் பார்ப்போம். கரிசல், களிப்புத்தன்மை மிகுந்த மண். நீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மேல்மண் உதிர்ந்து அவ்வெடிப்புகளில் விழுவதால், இது தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்பர். இங்கே பெய்வது ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்று தருவது. அந்த ஈரத்தை இம்மண் கஞ்சன் காசைப் பிடிப்பதுபோல் இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் மழை நின்று வாரங்கள் பல ஆன பின்னும், அடியில் தேங்கிய ஈரத்தைக்கொண்டே மானாவாரிப் பருத்தி பூத்துக் காய்க்கிறது. கருங்கண்ணி என்னும் நாட்டுப் பருத்தியின் பூவைக் கண்டிருக்கிறீர்களா? மஞ்சள் இதழ்கள், அடியில் குங்குமம் வைத்தாற்போல் ஒரு செந்நிறம். காலையில் விரிந்து, மறுநாள் சிவந்து வாடிவிடும். யாரும் அதைத் தலையில் சூடுவதில்லை. ஆயினும் உதகையின் ரோஜாக்களுக்கு அது எவ்வகையிலும் குறைந்ததன்று என்பது என் எண்ணம்.

வீட்டு முற்றத்துக்கு வருவோம். நம் பக்கத்துத் தோட்டம் என்பது பெரும்பாலும் பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டிய நாலு முழ நிலம். நந்தியாவட்டை, அந்திமந்தாரை, கனகாம்பரம், செம்பருத்தி ஆகிய யாவும் கழுவிய நீரிலேயே வளர்ந்துவிடும். யாரும் நீர் ஊற்றாமலேகூடப் பூக்கும் செடி ஒன்று உண்டு. அது நித்தியகல்யாணி. மயானங்களிலும் பூத்துக்கிடப்பதால் அதனைச் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கியவர் பலர். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக்கொண்ட இச்செடியின் இலையை 1950-களில் கனடா நாட்டு ஆய்வாளர்கள் நீரிழிவுக்கு மருந்தாகுமா என்று ஆராய்ந்தனர். நீரிழிவு குறையவில்லை, ஆனால் இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. அதைக் கவனித்துத் தொடர்ந்ததன் பயனாகவே புற்றுநோய்க்கான வின்பிளாஸ்டின் என்னும் மருந்து கிடைத்தது. அதே செடியிலிருந்து பின்னர் எடுக்கப்பட்ட வின்கிரிஸ்டின், இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. சுடுகாட்டுப் பூ குழந்தைகளை வாழவைக்கிறது!

இனி மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பூக்களை யாரைக்காட்டிலும் அதிகமாக மலரச் செய்தவர் ஒரு தோட்டக்காரர் அல்லர், ஓவியர் ஒருவர். அவர் பெயர் சி. கொண்டையராஜு. 1898-ல் பிறந்த அவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். துறவில் நாட்டங்கொண்டு சில காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்திலும் தங்கியிருந்தார். பின்னர் நாடகக் குழுவில் திரைச்சீலை தீட்டும் பணிக்கு வந்தார். அக்காலத்து நாடக மேடையில் தர்பார், தெரு, காடு, நந்தவனம் என்று காட்சிக்கு ஒரு திரை தொங்கும். நந்தவனத் திரையில் தடாகமும் தாமரையும் பூத்த கொடிகளும் இல்லாமல் இராது. ஆனால் 1931-ல் தமிழ் பேசும்படம் வந்த பிறகு நாடகக் குழுக்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கொண்டையராஜு இருந்த குழு 1940-களில் கோவில்பட்டிக்கு வந்தபோது கலைந்துபோயிற்று. முதலாளி இல்லை, மேடை இல்லை, சம்பளமும் இல்லை. உலகப் போர்க்காலம் வேறு. சொந்த ஊரல்லாத ஒரு கரிசல் ஊரில், தூரிகையும் சில சீடர்களுமாக அவர் நின்றார்.

அவர் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. சீடர்களோடு இங்கேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்று ஒன்றை அமைத்தார். புகைப்படம், திரைச்சீலை, படம் தீட்டுதல் என்று கிடைத்த வேலையைச் செய்தனர். அருகிலே சிவகாசி அச்சகங்கள் வளர்ந்துவந்தன. 1950-களிலிருந்து அவரும் டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலிய சீடர்களும் வரைந்த படங்கள் காலண்டர்களாக இலட்சக்கணக்கில் அச்சேறின. குரு, சீடர் இருவர் பெயரும் ஒன்றாகக் கையொப்பமிட்டுள்ள படங்களும் உண்டு. சீடன் பெயரைத் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுத இடங்கொடுக்கும் குருமார் எத்தனை பேர்? அவர் 1976-ல் மறைந்தார். அப்படங்களை உற்றுப் பாருங்கள். தெய்வ உருவத்தைச் சுற்றிலும் தாமரைத் தடாகம், தொடுத்த மாலை, தரையெல்லாம் உதிரிப்பூ. நாடகத்தின் நந்தவனத் திரை சிறிதாகிச் சுவருக்கு வந்துவிட்டதோ என்று தோன்றும். சிவகாசியில் அச்சாகி நம் கிறிஸ்தவ இல்லங்களுக்கு வந்த அன்னை மரியாள் படங்களிலும் இதே போன்ற பூக்கள் உண்டு. ஜவுளிக்கடையிலும் மளிகைக்கடையிலும் இலவசமாகக் கொடுத்த அந்தக் காலண்டர், மண்சுவர் வீட்டிலும் பன்னிரண்டு மாதம் பூத்திருந்தது.

இதைக் கேட்டு, "அவருக்குக் கலை சோறு போட்டது, எல்லாருக்கும் போடுமா?" என்று ஒரு தாய் கேட்கலாம். நியாயமான கேள்வி. போடாது. சீட்டுக்கட்டுப்போல் தீப்பெட்டி அட்டைகளை அடுக்கி ஒட்டிய நம் வட்டாரத்துப் பெண்களை யாரும் கலைஞர் என்று அழைத்ததில்லை. அந்த வேலையில் உங்கள் வயதுச் சிறுமியரும் பள்ளிக்கு வராமல் உழன்ற காலம் இருந்தது. தீப்பெட்டி செய்வதில் குழந்தைகளை ஈடுபடுத்தலாகாது என்று 1986-ல் சட்டம் வந்தது. அத்துன்பத்தை அழகு என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வீடுகளின் வாசலிலும் மார்கழியில் கோலம் இருந்தது. நடுவே சாணியில் செருகிய பூசணிப்பூவும் இருந்தது. அது யாருக்கும் கூலி தரவில்லை. அந்நாளில் அவளுக்கென்று அவளே செய்துகொண்ட வேலை அது ஒன்றுதான்.

நோயிலும் இவ்வாறே. கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன், பள்ளிப்படிப்பு பாதியில் நின்றவர். இளமையில் காசநோயால் வருந்தியவர். விவசாயம் செய்துகொண்டே எழுதினார். 'மாயமான்' என்னும் கதை 1958-ல் 'சரஸ்வதி' இதழில் வந்தபோது அவர் முப்பதைக் கடந்திருந்தார். பின்பு கரிசல்காட்டு மக்கள் பேசும் சொற்களைத் திரட்டி அகராதியே செய்தார். 1991-ல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றார், 2021-ல் மறைந்தார். படித்தவர்கள் கொச்சை என்று தள்ளிய சொற்களைப் பூப்பறிப்பதுபோல் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாரே, அந்தப் பொறுமையைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

நம் திருச்சபைக்கும் இம்மண்ணுக்கும் இவ்வகையில் உறவு உண்டு. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர். புனித சூசையப்பரின் வரலாற்றை 3,615 பாடல்களில் பாடி, அதற்குத் 'தேம்பாவணி', அதாவது வாடாத மாலை என்று பெயரிட்டார். சூசையப்பர் சிலையின் கையில் ஏன் பூங்கோல் என்று சிறுமியர் கேட்பதுண்டு. கன்னி மரியாளுக்குத் துணைவர் யார் என்று தேர்ந்தபோது, அவர் கையிலிருந்த காய்ந்த கோல் மட்டும் பூத்தது என்பது தொன்றுதொட்டு வரும் மரபு. விவிலியத்தில் இது இல்லை. ஆனாலும் கரிசல்காட்டில் வாழும் நமக்கு இக்கதை எளிதில் விளங்கும்.

செடி வளர்க்க விரும்பும் மாணவியர்க்கு ஒரு சொல். புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் நித்தியகல்யாணி விதையைத் தூவலாம்; நந்தியாவட்டைக் குச்சியை ஒரு சாண் நீளம் வெட்டி ஊன்றலாம். கரிசலில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆகவே சிறிது மணலும் மட்கிய சாணமும் கலந்துகொள்ளுங்கள். தொட்டி வாங்கவேண்டியதில்லை, அடியில் துளையிட்ட பழைய டின் போதும். தண்ணீருக்கு வீட்டில் கேட்கவும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தை முதலில் கழுவிய நீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் முறை அலசும் நீரை ஊற்றுங்கள்.