"அம்மாவுக்கு ஏதோ சரியில்லை, டாக்டர்": மருத்துவமனையில் உங்கள் குரல் ஏன் முக்கியம்?

"நேத்து மாதிரி இல்ல டாக்டர், அம்மா முகமே சரியில்ல."

இப்படிச் சொல்ல நினைத்து, "நமக்கென்ன தெரியும்" என்று நீங்கள் பேசாமல் இருந்தது உண்டா?

தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை பெறுவோரில் ஏறத்தாழ 10இல் ஒருவருக்குச் சிகிச்சையாலேயே ஏதேனும் பாதிப்பு ஏற்படுவதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவற்றில் பாதிக்குமேல் தவிர்க்கக்கூடியவை.

<strong>குடும்பத்தாருக்கு என்ன தெரியும்?</strong>

தாதியர் வேலைநேரம் மாறும். மருத்துவரும் மாறலாம். ஆனால் அம்மா வழக்கமாக எப்படிப் பேசுவார், எப்படிச் சாப்பிடுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். கருவிகள் காட்டுவதற்கு முன்பே அந்த மாற்றம் உங்கள் கண்ணில் படலாம்.

<strong>பேசியும் கேட்காவிட்டால்?</strong>

இங்கிலாந்தில் 2021இல் 13 வயது மார்த்தா மில்ஸ் மருத்துவமனையில் உயிரிழந்தார். சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் காயம்பட்ட அவருக்குப் பின்னர் கடுமையான கிருமித்தொற்று ஏற்பட்டது. மகளின் நிலை மோசமாவதாகப் பெற்றோர் கவலை தெரிவித்தும் அது போதிய அளவு பொருட்படுத்தப்படவில்லை. முன்கூட்டியே தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்று மரண விசாரணை முடிவு சொன்னது.

பெற்றோர் விடவில்லை. அவர்களின் முயற்சியால் 2024இல் "மார்த்தா விதி" அங்கு நடப்புக்கு வரத் தொடங்கியது. நோயாளியின் நிலை மோசமாவதாகக் கருதும் குடும்பத்தார், வேறொரு மருத்துவக் குழு உடனே வந்து பார்க்கும்படி கேட்கலாம். 24 மணி நேரமும் கேட்கலாம்.

<strong>சிங்கப்பூரில்?</strong>

சிங்ஹெல்த் குழுமம் 2017இல் நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் இடம்பெறும் கட்டமைப்பு ஒன்றைத் தொடங்கியது. சிகிச்சை பெற்ற அனுபவத்தை வைத்து, சேவைகளை எப்படி மேம்படுத்தலாம் என்று அவர்கள் கருத்துச் சொல்கின்றனர். நோயாளி சிகிச்சை பெறுபவர் மட்டுமல்ல, பங்காளியும்கூட என்பதே அதன் அடிப்படை.

<strong>நீங்கள் என்ன செய்யலாம்?</strong>

• எல்லா மருந்துகளின் பட்டியலையும் கையில் வைத்திருங்கள். நாட்டு மருந்து, சத்து மாத்திரை எதையும் மறைக்க வேண்டாம்.

• "ஏதோ சரியில்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். "நேற்று நடந்தார், இன்று எழவே முடியவில்லை" என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

• மருத்துவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, "சரியாகப் புரிஞ்சுக்கிட்டேனா?" என்று கேளுங்கள்.

• பெரியவர்களுக்கு ஆங்கிலம் புரியாவிட்டால், மொழிபெயர்ப்பு உதவி கிடைக்குமா என விசாரியுங்கள்.

• வீட்டுக்குப் போகுமுன், எந்த அறிகுறி வந்தால் யாரை அழைப்பது என்று எழுதி வாங்குங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். உடம்பு அம்மாவுடையது. அவரால் பேச முடிந்தால், முதலில் அவரே பேசட்டும். விட்டுப்போனதை நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

"கேட்டா டாக்டர் தப்பா நினைச்சுக்குவாரோ?" என்ற பயம் பலருக்கு உண்டு. கேள்வி கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகாது. அவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். நீங்கள் சொன்னால்தான் அது அவருக்குத் தெரியும்.