ஒரு பருவத்தின் கணக்கு



புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் களம் சேர்ப்பவன் நம் கரிசல் உழவன். பருவம் முடிந்ததும் அவன் முதலில் கேட்கும் கேள்வி, 'எத்தனை மூட்டை தேறிற்று?' என்பதே. விளையாட்டு அணிகளுக்கும் இத்தகைய பருவம் உண்டு. சில திங்கள் தொடர்ந்து ஆடி முடித்தபின், வெற்றி இத்தனை, தோல்வி இத்தனை என்று கணக்கு எழுதி வைப்பர். அத்தகைய கணக்கு ஒன்றை இன்று உங்களோடு சேர்ந்து படித்துப் பார்க்க விரும்புகிறேன். அது 1911-ஆம் ஆண்டின் கோடையில் இங்கிலாந்து சென்று கிரிக்கெட் ஆடிய அகில இந்திய அணியின் கணக்கு.

அதற்கு முன் 1886, 1888 ஆகிய ஆண்டுகளில் பார்சி சமூகத்தார் தமக்கென அணி அமைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்று வந்ததுண்டு. ஆயினும் பல சமூகத்தாரும் சேர்ந்து, இந்தியா என்னும் பெயரால் கடல் கடந்த முதல் கிரிக்கெட் அணி 1911-இல் சென்றதே. பார்சிகள், இந்துக்கள், முஸ்லிம்கள் என்று சமூகவாரியாக ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தனர். சென்னையைச் சேர்ந்த விக்கெட் காப்பாளர் சேஷாச்சாரியும் அவர்களுள் ஒருவர். தலைவராக அமைந்தவர் பாட்டியாலா மன்னர் பூபிந்தர் சிங். அப்போது அவருக்கு வயது இருபதுகூட நிறையவில்லை.

பருவத்தின் முடிவு யாது? ஆடியவை 23 ஆட்டங்கள், வென்றவை 6, தோற்றவை 15, வெற்றி தோல்வியின்றி முடிந்தவை 2. இவற்றுள் முதல்தர ஆட்டங்கள் எனப்பட்டவை 14. அவற்றுள் லெஸ்டர்ஷயர், சோமர்செட் ஆகிய இரு கவுண்டி அணிகளை மட்டுமே நம்மவர் வென்றனர். கணக்கை இந்த அளவில் படித்து நிறுத்துவோர், 'தோற்றுத் திரும்பிய அணி' என்று சொல்லி ஏட்டை மூடிவிடுவர்.

நாம் மூடாமல் அடுத்த வரியையும் படிப்போம். அப்பருவத்தில் ஒரே பந்து வீச்சாளர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தியிருக்கிறார். அவற்றுள் 75 முதல்தர ஆட்டங்களில் கிடைத்தவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 8 பேரை ஆட்டமிழக்கச் செய்தார். லெஸ்டர்ஷயரை வென்ற ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸிலுமாக 11 விக்கெட்டுகள் அவருடையவை. அவர் பெயர் பல்வங்கர் பாலு. சோமர்செட்டுக்கு எதிரான வெற்றியில் ஆட்டமிழக்காமல் நின்று நூறு ஓட்டங்களைக் கடந்தவரோ அவருடைய தம்பி ஷிவ்ராம். ஆக, இரண்டு முதல்தர வெற்றிகளிலும் ஒரே வீட்டுப் பிள்ளைகளின் கை இருந்தது.

இந்தப் பாலு யார்? தார்வாரில் பிறந்தவர், தந்தை படைப்பிரிவில் பணியாற்றியவர். தோல் தொழிலோடு தொடர்புடையது என்று சொல்லி, தீண்டத்தகாததென ஒதுக்கப்பட்ட சமூகம் அவருடையது. பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மன்றம் ஒன்றில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை உருட்டும் வேலையில் சேர்ந்தார். பின்னர், 1892-ஆம் ஆண்டளவில், ஐரோப்பியர்களின் பூனா மன்றத்துக்கு மாறினார். அங்கே மாதச் சம்பளம் நான்கு ரூபாய். களத்தைச் செப்பனிடுவதோடு, துரைமார் மட்டை பிடித்துப் பழகப் பந்து வீசுவதும் அவர் பணியாயிற்று. கிரெய்க் என்னும் புகழ்பெற்ற மட்டையாளர், தம்மை வீழ்த்தும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா அளித்தார் என்று சொல்லப்படுகிறது. ஆயின், நாள்தோறும் பந்து வீசிய அந்த இளைஞரிடம், 'நீயும் மட்டை பிடித்து ஆடு' என்று அங்கே ஒருவரும் சொன்னதில்லை.

களத்தைச் செப்பனிடும் வேலையை எளிதென்று எண்ணிவிடாதீர்கள். நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கரிசலின் குணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் காலில் அப்பும். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதிலுள்ள களி, நீரை உண்டு உப்புவதும், நீர் வற்றியபின் சுருங்குவதுமே இதற்குக் காரணம். தக்காணத்திலும் இத்தகைய மண் பரந்து கிடக்கிறது. களிமண் கலந்த தரையில் நீர் தெளித்து உருளையிட்டால் அது இறுகிப் பந்தைச் சீராக எழுப்பும். ஈரம் அரைகுறையாகக் காய்ந்த வேளையிலோ, சுழலும் பந்து தரையைப் பற்றிச் சட்டென்று திரும்பும். இடக்கையால் மெதுவாகச் சுழல்பந்து வீசிய பாலு, அந்தத் தரையை உருட்டி உருட்டிப் பழகியவர். மண் எப்போது என்ன செய்யும் என்பதை அவர் பாடநூலில் படிக்கவில்லை. தம் கையாலேயே கற்றார். 1911-ஆம் ஆண்டின் கோடை இங்கிலாந்தில் பெயர்பெற்ற வெப்பமும் வறட்சியும் மிகுந்தது. ஈரக் களத்தின் துணையை அதிகம் எதிர்பார்க்க முடியாத ஆண்டில் அவர் 114 விக்கெட்டுகளைச் சேர்த்தார் என்பதையும் கருதிப் பாருங்கள்.

பூனாவிலும் பின்னர் பம்பாயிலும் இந்துக்களின் அணிகள் பாலுவின் திறமையை விரும்பின. 1906-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ஓட்டங்களில் வென்றபோது, இரு இன்னிங்ஸிலும் சேர்த்து அவர் 8 பேரை வீழ்த்தினார். ஆனால் பூனா நாள்களில், எல்லாரும் தொட்ட பந்தையே அவரும் தொட்டு ஆடியபோதிலும், தேநீர் வேளையில் அவருக்கு மட்டும் வெளியே தனியாக மண்குவளையில் ஊற்றிக் கொடுத்தனர். உணவும் தனியே. தனிக்குவளையின் கதை நம் நாட்டுத் தேநீர்க் கடைகளும் அறிந்ததே அன்றோ!

இத்தகைய வேலி நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஊதியம் பெற்று ஆடுவோரைத் 'தொழில்முறையார்' என்றும், பெறாதோரைக் 'கனவான்கள்' என்றும் பிரித்து வைத்திருந்தனர். பல மைதானங்களில் களம் இறங்கும் வாயில்கூட இருவர்க்கும் வேறு. அந்தப் பிரிவு 1962-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. அமெரிக்காவில் பேஸ்பால் பெருங்கழகங்கள் அக்காலத்தில் கோடைதோறும் நூற்றுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் ஆடின. அவற்றின் கணக்கு ஏடுகள் மிக நுட்பமானவை. ஆயினும் கறுப்பின ஆட்டக்காரர் பெயர்களை அந்த ஏடுகளில் காண முடியாது. 1947-இல் ஜாக்கி ராபின்சன் களம் இறங்கிய பின்னரே அத்தடை உடைந்தது. ஏடு எத்துணை நுட்பமாயினும், உள்ளே விடப்பட்டவர்களின் கணக்கை மட்டுமே அது சொல்லும்.

இனி, 1911-இன் தோல்விகளுக்குக் காரணம் யாவை? இங்கிலாந்தின் களங்கள் நம்மவர்க்குப் புதியவை. ஆட்டங்களோ அடுத்தடுத்து வந்தன. தலைவரான மன்னர், ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழாவை ஒட்டிய விருந்துகளிலும் விழாக்களிலும் ஈடுபட்டு, ஒருசில ஆட்டங்களில் மட்டுமே ஆடினார். தேர்ந்த மட்டையாளரான கேகி மிஸ்திரி அம்மன்னரிடம் பணிபுரிந்தவர். ஆதலால் அவருடைய ஆட்டமும் அணிக்குப் பெரும்பாலும் கிட்டவில்லை. தலைமை பிறப்பால் வந்தது. உழைப்போ முன்னாள் களப்பணியாளர் தோளில் விழுந்தது. முடிவு வியப்புக்குரியதன்று.

ஊர் திரும்பியபின் பாலுவின் புகழ் பெருகிற்று. ஆனாலும் பம்பாயின் நாற்சமூகப் போட்டிகளில் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்கு அளிக்கப்படவில்லை. மூத்தவர், திறன் மிக்கவர், அணியை அறிந்தவர் என்பன போதவில்லை. 1923-ஆம் ஆண்டில் அவருடைய இளைய தம்பி விட்டல் அத்தலைமையை ஏற்றார். அவ்வாண்டு இந்துக்கள் அணியே கோப்பையை வென்றது. அண்ணனுக்குத் திறவாத கதவு, அண்ணன் தட்டிய தட்டில்தான் தம்பிக்குத் திறந்தது எனலாம். பாலு பொதுவாழ்விலும் இறங்கி, 1932-இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோருள் ஒருவரானார். 1955-ஆம் ஆண்டு மறைந்தார்.

மாணவர்களே, உங்கள் வாழ்விலும் பட்டியல்கள் பல வரும். மதிப்பெண் பட்டியல், தேர்ச்சிப் பட்டியல், அணித் தேர்வுப் பட்டியல் எனப் பலவகை. அவற்றை அலட்சியம் செய்ய வேண்டா. எண்கள் பொய் சொல்வதில்லை. 23 ஆட்டங்களில் 15 தோல்வி என்பது மெய். 114 விக்கெட் என்பதும் மெய். தலைவர் பெயர் எழுதும் இடத்தில் பாலுவின் பெயர் வராமற்போனதும் மெய். முதல் எண்ணோடு நின்றால் ஒரு தோற்ற அணியைக் காண்போம். இரண்டாவதையும் படித்தால் ஒரு வீரரைக் காண்போம். மூன்றாவதையும் கேட்டறிந்தால் அக்காலத்துச் சமுதாயத்தையே காண்போம். அடுத்த முறை உங்கள் பள்ளி அணியின் பெயர்கள் பலகையில் ஒட்டப்படும்போது, எழுதியிருக்கும் பெயர்களைப் படித்துவிட்டு, திடலைப் பெருக்கி வரி கிழிப்பவர் யார் என்பதையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.