அறுவைக்குப் பின்னும் காக்கும் படங்கள்

மூளையைத் தாங்கி நிற்கும் எலும்புத் தளமே மண்டையோட்டின் அடித்தளம் ஆகும். பார்வைக்கும் கேட்டலுக்கும் உரிய நரம்புகளும், மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாய்களும் இத்தளத்தின் துளைகள் வழியே செல்கின்றன. எனவே, இங்குத் தோன்றும் கட்டி புற்றுத்தன்மை அற்றதாயினும் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடும்.

பிட்யூட்டரிச் சுரப்பியில் தோன்றும் கட்டி இதற்குத் தக்க சான்று. பட்டாணி அளவே உள்ள அச்சுரப்பிக்கு மேலே பார்வை நரம்புகள் குறுக்காகச் சந்திக்கின்றன. கட்டி மேல்நோக்கி வளர்ந்து அவற்றை அழுத்தினால் இருபுறப் பக்கப்பார்வையும் மங்கும். இத்தகைய கட்டியை இன்று பெரும்பாலும் மூக்கின் வழியாகவே அகற்றுகின்றனர். முகத்தில் தழும்பு தெரிவதில்லை. உள்ளே நிகழ்வதை அறிவதற்குப் படங்களே துணை.

அறுவைக்குப் பிந்தைய முதல் நாள்களில் ஐயம் எழுந்தால் சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய இக்கருவி, 1971ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. ஊடுகதிர்களால் இயங்கும் இது சில நொடிகளில் படம் தரும். அதில் புதிய குருதிக் கசிவு வெண்மையாகவும், உட்புகுந்த காற்று கருமையாகவும் தோன்றும். மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிந்தால், அது மூளையைச் சூழ்ந்துள்ள நீராக இருக்கலாம். அவ்வழியே கிருமி புகுந்தால் மூளையுறை அழற்சி ஏற்படும். எலும்பில் திறப்பு எங்குள்ளது என்பதை நுண்ணிய சி.டி. படம் காட்டும்.

கட்டி எஞ்சியுள்ளதா என்பதை அறிய எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும். வீக்கமும் உறைந்த குருதியும் தணிவதற்காக, பிட்யூட்டரி அறுவைக்குப் பின் ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து இதனை எடுப்பது வழக்கம். காடோலினியம் கலந்த மருந்தை ஊசிவழிச் செலுத்தினால் எஞ்சிய கட்டி ஒளிர்ந்து தெரியும். ஆயின், இங்கு ஒரு மயக்கம் உண்டு. நீர்க்கசிவைத் தடுக்க நோயாளியின் வயிற்றிலிருந்து எடுத்து வைத்த கொழுப்பும் படத்தில் ஒளிரும். அதனைக் கட்டி எனக் கொண்டால் வேண்டாத மறு அறுவை நேரும். கட்டியைக் கொழுப்பு எனக் கொண்டால் நோய் வளரும். கொழுப்பு, மருந்து செலுத்தும் முன்பே ஒளிரும். கட்டியோ மருந்து சேர்ந்த பின்னரே ஒளிரும். ஆகவே, இரு நிலைப் படங்களையும் ஒப்பிடுவர். கொழுப்பின் ஒளியை மட்டும் அடக்கிக் காட்டும் முறையும் உண்டு. மாதங்கள் செல்லச் செல்லக் கொழுப்பு சுருங்கும். எஞ்சிய கட்டியோ வளரக்கூடும்.

ஆதலால், ஒரு படம் தனித்து நின்று முழுப்பொருள் தராது. முந்தைய படத்தோடு ஒப்பிடும்போதே அது தெளிவாகப் பேசும். எம்.ஆர்.ஐ. ஊடுகதிர்களைப் பயன்படுத்தாமையால் ஆண்டுதோறும் எடுப்பதற்கும் ஏற்றது. மெல்ல வளரும் கட்டி, பல ஆண்டுகள் கழித்தும் மீளக்கூடும். நலமாக இருப்பதாக எண்ணிப் பரிசோதனையைக் கைவிடுபவர், பார்வை மங்கிய பிறகே அதனை அறிய நேரிடலாம். பழைய படங்களைப் பேணிவைத்து, குறித்த நாளில் மருத்துவரிடம் செல்வதும் மருத்துவத்தின் ஒரு பகுதியே ஆகும்.