விளிச்சொல்லும் உறவும்

கூலாய் மாவட்டத்துச் செடெனாக், எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூர். இன்று அங்குத் தரவு மையங்களும் எழுகின்றன. பெற்றோர் வேலைக்குச் சென்ற பொழுதில் சிறு பிள்ளைகளைக் காக்கத் தோட்டங்களில் ஆயாக்கொட்டகை இருந்தது. அறிவுசார் குறைபாட்டோடு வளர்ந்து ஆளானவரின் பராமரிப்போ பெரும்பாலும் தாயின் கையிலேயே நின்றது. இத்தகையோர் நாற்பது அகவை கடந்த பின்னும் வீட்டில் ‘குழந்தை’ என்றே சுட்டப்படுவதை நாம் அறிவோம். அன்பின் சொல்தான். எனினும் குழந்தையிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை.

நம் நாட்டுச் சமூகநல இலாகாவின் மாற்றுத்திறனாளர் பதிவில் ஏழு பிரிவுகள் உள. அறிவுசார் குறைபாடு கற்றல் குறைபாட்டுப் பிரிவில் அடங்கும். மனநலக் குறைபாடு தனிப்பிரிவு. நம் பேச்சு வழக்கு இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. முன்னது மருந்தால் தீரும் நோயன்று; பயிற்சியால் திறன் வளரும் வாழ்நாள் நிலை. 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம் அப்பயிற்சியை வீட்டருகே கொணர்ந்தது. 2010இல் மலேசியா ஏற்புறுதி அளித்த ஐ.நா. உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, முடிவெடுக்க அவருக்குத் துணை தருக என்கிறது.

துணை நிற்பதற்கும் அவருக்காகத் தாமே பேசிவிடுவதற்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது. மருத்துவர் தாயை நோக்கி, “இவனுக்கு எங்கே வலிக்கிறது?” என்கிறார், தாய் உடனே விடையிறுக்கிறார். இருபதாண்டுப் பழக்கம் அது. தாயைக் குறை கூறுதல் முறையன்று. ஆயினும் வினா அவரிடமே செல்லுதல் வேண்டும். குறுந்தொடரில் கேட்டு, விடைக்குப் பொறுத்திருத்தல் நன்று. ‘ஆம், இல்லை’ வினாக்களுக்கு இவருட் பலர் கேட்பவரை மகிழ்விக்க ‘ஆம்’ என்றே கூறுவர் என்பது ஆய்வாளர் கண்டது. ஆதலின் படங்களைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் செய்தல் பயன்தரும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று கூறுவோம். வயதில் மூத்த இவரை மாணவர் பெயர் சொல்லி, ஒருமையில் அழைப்பதைக் கேட்டிருக்கிறோம். அண்ணன், அக்கா என்னும் சொற்கள் நம் மொழியில் ஆயத்தமாகவே உள்ளன.

தாய்க்குப் பின் யார் என்னும் அச்சமே பராமரிப்போரை உறங்கவிடாதது. பொறுப்பு பெரும்பாலும் உடன்பிறந்தாரிடம் சேர்கிறது. அவர் விரும்பும் உணவு, அஞ்சும் ஒலி, வலியை உணர்த்தும் விதம், நம்பும் மனிதர் ஆகியவற்றைத் தாயும் அவரும் சேர்ந்தமர்ந்து ஒரு குறிப்பேட்டில் பதியலாம். எழுத்து வேலையை மாணவர் ஏற்கலாம். சொல்ல வேண்டியவர் அவரே.